மாற்றிப் பார்க்கிற அக்கா

கம்ப்யூட்டர் வயரில் சோறாக்கலாம் என்ற யோசனை அக்காவுக்கு வந்தபோது நான் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, அழாத குறையாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கம்ப்யூட்டர் பெட்டி செத்துக் கிடந்தது. அன்று காலை சுவிட்சைத் தட்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து ஒரு கீற்றுப் புகை. மாடியில் என் வகுப்பிலும் கீழே தையல் கடையிலும் ஒரே நேரத்தில் கரண்டு போனது. "டீச்சர், தீபாவளி வந்துருச்சா?" என்று கேட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இதற்கு மேல் என்ன தடயம் வேண்டும்? சுவர்க் கரண்டை வாங்கிப் பெட்டியின் மற்ற உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஒரு தகர டப்பா உள்ளே இருக்கிறது. பவர் சப்ளை என்பார்கள். போனது அதுதான் என்று மூக்கிருக்கிற யாரும் சொல்லிவிடலாம். நானும் சொன்னேன்.

அக்கா காதில் வாங்கவில்லை. சுவரிலிருந்து பெட்டிக்கு வருகிற கறுப்பு வயரை உருவி, அதன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏ பிள்ள, இது எங்க வீட்டு ரைஸ் குக்கர் வயரு மாதிரியே இருக்குலா!"

"இருந்தா?"

"இருந்தாவா? இரு, வர்றேன்."

அவள் கூடப் பிறந்த அக்கா இல்லை. பின் தெருவில்தான் அவள் வீடு. போனவள் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு, அரிசி களைந்த தண்ணீர் படியெல்லாம் சிந்த ஏறி வந்தாள். கீழே மெயினைத் தூக்கிவிட்டுக் கரண்டு வந்திருந்தது. அதே பிளக், அதே வயர், மறுமுனையில் கம்ப்யூட்டருக்குப் பதில் குக்கர். நாங்கள் இருவரும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். எங்கள் ஊரான பாயா ரும்புட்டில் அன்று கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து சோற்று வாசம் வந்தது. வெந்ததும் நெத்திலிச் சம்பல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய பிறகுதான் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"சுவரு நல்லா இருக்கு. வயரு நல்லா இருக்கு. இனிமே நீ சொன்னதக் கேக்குறேன், சொல்லு."

"அப்பவே சொன்னேன்லக்கா, பவர் சப்ளைன்னு. நான் சொன்னதுதான சரி?"

"சரிதான். ஆனா நீ சொன்னப்ப அது வெறும் வாய்ப்பேச்சு. இப்ப அது வெந்த சோறு."

இதுதான் அக்கா. எது கெட்டாலும் எதையும் நம்பமாட்டாள். சந்தேகப்படுகிற சாமானைக் கழற்றி, நல்லதென்று தெரிந்த ஒன்றை அந்த இடத்தில் மாட்டிப் பார்க்கவேண்டும். கோளாறு போனால் கழற்றியதுதான் குற்றவாளி. போகாவிட்டால் கழற்றியதற்கு விடுதலை, அடுத்ததைப் பிடி. "மாத்திப் பாரு" என்பதை மற்றவர்கள் "சாப்பிட்டியா" என்று கேட்கிற மாதிரி நாள் முழுக்கச் சொல்வாள்.

பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் ஒரு பேக்டரியில், செய்து முடிந்து வருகிற எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கிற லைனில் அவளுக்கு வேலை. பச்சை விளக்கு எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் மலாயில் ரோசாக், அதாவது கெட்டது, கூடையில் போடு. சோதிக்கிற மெஷினிலேயே சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, கெடாத போர்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்களாம். கோல்டன் என்று அதற்குப் பேர். அந்தப் பெட்டியின் சாவி தன் கழுத்துக் கயிற்றில் தொங்குவதை, தாலிக்கு அடுத்த மரியாதையோடு அவள் தொட்டுத் தொட்டுக் காட்டுவாள். பேக்டரியின் நீலக் கோட்டைக் கழற்றாமலேயே பசாருக்குப் போவாள். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகியதால் ரகசியம் சொன்னால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

சாமான்களோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவளுக்கு மனிதர்களும் கழற்றி மாட்டக்கூடிய போர்டுகள்தான்.

அவள் புருஷனை நான் மாமா என்பேன். அவர் ஒருநாள் மீன் குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். வேறு பெண்டாட்டியாக இருந்தால் உப்பு ஜாடியை எடுத்து வைப்பாள், அல்லது வாயாடுவாள். அக்கா அந்தத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு லாரி டிரைவரிடம் நீட்டினாள். அவர் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். திரும்பி வந்து வெறும் தட்டைக் காட்டினாள்.

"கொழம்பு பாஸ். நாக்குதான் பெயிலு."

மாமா அன்று பாதி வயிற்றோடு எழுந்தார்.

அதைவிடப் பெரிய சோதனை அதே லாரி டிரைவர் வீட்டில் நடந்தது. அங்கே புருஷனும் பெண்டாட்டியும் சாயங்காலமானால் சண்டை போடுவார்கள். எல்லாம் மாமியாரால் வருகிற வினை என்பது பெண்டாட்டியின் கட்சி. அக்கா யோசித்தாள். தன்னிடமும் ஒரு மாமியார் இருப்பது நினைவுக்கு வந்தது. ஒரு வாரத்துக்கு இந்த வீட்டுக் கிழவியை அங்கேயும் அந்த வீட்டுக் கிழவியை இங்கேயும் மாற்றிப் போட்டாள். கிழவிகளிடம் காரணம் சொல்லவில்லை. 'உங்க வீட்டுல பெயிண்ட் அடிக்கப் போறோம், வாடை ஆகாது' என்று இரண்டு பேருக்கும் ஒரே பொய்.

சண்டை நிற்கவில்லை. ஆகவே மாமியார் நிரபராதி என்று அக்கா தெருவே கேட்க அறிவித்தாள். லாரி டிரைவரும் பெண்டாட்டியும் வெட்கத்தில் கொஞ்ச நாள் மெதுவாகச் சண்டை போட்டார்கள். ஆனால் வந்த கிழவிக்கும் அக்காவுக்கும் அப்படி ஒத்துப்போய்விட்டது. திருப்பி அனுப்ப அவளுக்கு மனமே வரவில்லை. கடைசியில் அவளுடைய சொந்த மாமியார்தான், "பெயிண்டு காய இவ்ளோ நாளா?" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு தானாகவே நடந்து வந்து சேர்ந்தார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அக்கா என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறபோதெல்லாம், இவள் என்னை எங்கே கழற்றி எங்கே மாட்டப்போகிறாளோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்தது.

அன்று செத்துக் கிடந்த பெட்டி எனக்குச் சும்மா ஒரு பெட்டியல்ல. எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த வருடம் அது. காத்திருக்க எனக்கு வராது. தையல் கடை மாடியில் சும்மா கிடந்த அறையைக் கேட்டு வாங்கி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் பிரிண்டரையும் கொண்டு வந்து வைத்து, எஸ்டேட் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினேன். ஒரு பெட்டி, சுற்றி நிற்கும் பிள்ளைகள், ஆளுக்கொரு வரி. அந்தப் பள்ளிக்கு யாரோ இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். வைக்க இடமில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. "திங்கக்கெழம வந்து பாக்குறேன். வகுப்பு ஒழுங்கா நடந்தா ரெண்டையும் உங்கிட்டயே விட்டுர்றேன்" என்று பெரிய வாத்தியார் சொல்லியிருந்தார். பெட்டி வெடித்தது சனிக்கிழமை.

வெடித்த கையோடு தையல்கார அங்கிள் கழுத்தில் அளவு நாடா ஆட மேலே ஏறி வந்தார்.

"என்னாத்தம்மா நோண்டுன? என் மெஷினு எல்லாம் நின்னு போச்சு. தீபாவளி ஆர்டரு தலைக்கு மேல கெடக்குது!"

"நான் ஒண்ணும் நோண்டல அங்கிள். சுவிட்ச மட்டும்தான் போட்டேன்."

"சுவிட்சு போட்டா லைட்டு எரியும் லா, வெடிக்குமா? நீ எப்பப் பாரு மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு இருப்பே. நான்தான் பாக்குறேனே." அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "திங்கக்கெழமைக்குள்ள ஓடலன்னா ரூம்ப விட்டுரு பாப்பா. துணி மூட்டை போட எடமில்ல."

மூடியைத் திறந்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டுதான். ஆனால் முந்தைய நாள் முழுக்க நான் மூடியைத் தொடவில்லை. அன்று ஆயுத பூசை. துடைத்து, கோலம் போட்ட பலகையில் வைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, தொடாமல் விட்டிருந்தோம். விஜயதசமி காலையில் பிள்ளைகளை வைத்து நல்ல நேரத்தில் போட்ட முதல் சுவிட்ச் அது.

இனி அக்காவின் சோற்றுக்கு வருகிறேன். வயர் பாஸ் ஆனதும் பெட்டியைத் திறந்து தகர டப்பாவைக் கழற்றினோம். முகர்ந்து பார்த்தாள். என்னிடமும் நீட்டினாள். கருகிய பிளாஸ்டிக் வாசம். அதைத் திறக்கலாமா என்று கேட்டேன். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் கரண்டின் கடி மிச்சம் இருக்கும், கை வைக்கக்கூடாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். கேட்டது ஒரு ஆசைக்குத்தான்.

"செத்தது சரி," என்றாள் அக்கா. "இது மட்டும் செத்துச்சா, போறப்ப மத்ததையும் கூட்டிக்கிட்டுப் போச்சா? அதப் பாக்க ஒரு நல்லது வேணும்."

"நல்லதுக்கு எங்கக்கா போறது?"

அவள் கண்ணைச் சுருக்கினாள்.

மாமா கம்ப்யூட்டர் ஜோசியர். பிறந்த நாள், நேரம், ஊர் தட்டிவிட்டால் பெட்டி கட்டம் போட்டுத் தரும். அதை அச்செடுத்து, மஞ்சள் தடவி, கண்ணை மூடி மூன்று முறை தலையாட்டிவிட்டுத்தான் பலன் சொல்வார். அன்று செர்காமில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் போயிருந்தார். நாங்கள் போய் அவர் பெட்டியின் பவர் சப்ளையைக் கழற்றி, துண்டில் சுற்றி, அக்காவின் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து எடுத்து வந்தோம். சாமி படத்துக்கு எதிரே வைத்து அவர் பெட்டியைத் திறக்கையில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பாட்டு முணுமுணுத்தாள்.

"மாமா கேட்டா என்னக்கா சொல்றது?"

"கேட்டாதான?"

மாட்டுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்துப் பெட்டியில் பெரிய போர்டுக்கு இரண்டு பிளக் பக்கத்தில் பக்கத்தில் போகும். மாற்றிப் போட்டாலும் கொஞ்சம் அழுத்தினால் இறங்கிவிடும். இறங்கினால் போர்டு காலி. அக்கா அத்தனை நம்பிக்கையோடு இடத்தையும் வலத்தையும் மாற்றி வைத்து அழுத்தப் போனாள்.

"அக்கா! கறுப்பு வயரு ரெண்டும் நடுவுல சேரணும்! கறுப்பும் கறுப்பும்!"

கையை வெடுக்கென்று எடுத்தாள். 

"நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்," என்றாள்.

சரியாக மாட்டி, நான் கண்ணை மூடிக்கொள்ள, அவள் சுவிட்சைத் தட்டினாள். விசிறி சுற்றியது. ஒரு 'பீப்'. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நான் குதித்த குதியில் கீழேயிருந்து அங்கிள் கத்தினார்.

எனக்கு அதோடு போதும். அக்காவுக்குப் போதாது. "செத்ததுக்குக் காரணம் தெரியாம நல்லதை மாட்டி வைக்கிறது, பாம்பு கடிச்ச எடத்துலயே பாய் விரிக்கிற மாதிரி," என்றாள். ஓடுகிறதை அணைத்து, மாமாவின் டப்பாவை மறுபடியும் கழற்றி, செத்த டப்பாவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே மாதிரி விசிறி, ஒரே மாதிரி துளை, ஒரே மாதிரி சிவப்புச் சுவிட்ச். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

நான்தான் முதலில் கண்டேன். மாமாவுடைய சிவப்புச் சுவிட்சில் 230 என்று தெரிந்தது. செத்ததில் 115.

நம் ஊர்ச் சுவரில் வருவது இருநூற்று நாற்பது வோல்ட். எவ்வளவு கரண்டு வரும் என்று டப்பாவுக்குச் சொல்லி வைப்பதுதான் அந்தச் சுவிட்சின் வேலை. 115-க்குத் தள்ளிவிட்டால், சின்ன கரண்டுக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும் டப்பாவில் பெரிய கரண்டு வந்து மோதும். 'டப்'. ஆனால் அந்தச் சுவிட்ச் தானாக நகராது. ஏதாவது முனையால் அழுத்தித் தள்ளவேண்டும்.

அக்கா நகத்தால் சுவிட்சின் ஓரத்தைச் சுரண்டினாள். நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ வந்தது. முகர்ந்தாள்.

"சந்தனம்."

பூசையன்று பொட்டு வைத்தவர்கள் மூன்று பேர். நான், தையல்கார அங்கிள், மாமா. அக்காவுக்கு பேக்டரியில் அன்று ஷிப்ட். அங்கிள் கேட்டால் மூன்றில் யார் பேரைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மூடியைத் திறந்து வைக்கிறவள் பேரைத்தான்.

"மூணு வெரலு," என்றாள் அக்கா. "மாத்திப் பாத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா தன் பெட்டி பக்கம் போவதற்குள் அவரை மேலே கூட்டி வந்தாள். அங்கிளையும் கூப்பிட்டாள். என் பெட்டி மாமாவின் பவர் சப்ளையோடு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் செத்த டப்பா, பின்பக்கம் முன்னால் தெரிய, சுவிட்சை 230-க்குத் திருப்பி வைத்தபடி. பக்கத்தில் சந்தனக் கிண்ணம்.

"பூசைக்கு அப்புறம் சாமான் அடிபட்டுப் போச்சுல்ல," என்று பவ்யமாக ஆரம்பித்தாள். "அன்னைக்கு யார் யாரு பொட்டு வச்சாங்களோ, அவங்களே இந்தச் சிவப்பு எடத்துல மறுபடி வச்சாத்தான் தோஷம் போகுமாம்."

"ஆமா, ஆமா. சாஸ்திரத்துல இருக்கு," என்றார் மாமா. சற்று முன்தான் அவள் இட்டுக்கட்டி என்னிடம் சொன்ன சாஸ்திரம் அது.

முதலில் அங்கிள். மோதிர விரல் நுனியால், துணியில் சாக்பீஸ் குறி போடுகிற மாதிரி லேசாகத் தொட்டார். சுவிட்ச் அசையவில்லை. அடுத்து நான். பூசையன்று வைத்த மாதிரியே ஒரு புள்ளி வைத்தேன். அசையவில்லை. பிறகு மாமா வந்தார். கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்தார். சுவிட்சின் மேல் வைத்து அழுத்தி, ஜாதகம் பார்க்க வருகிறவர்களின் நெற்றியில் இழுக்கிற மாதிரியே கம்பீரமாக மேலே ஒரு இழுப்பு இழுத்தார்.

'டிக்.'

 அக்கா சுவிட்சைத் திருப்பி வைத்தாள். "இன்னொரு தடவ வைங்க."

'டிக்.'

"என்னா சத்தம் அது?" என்றார் மாமா.

நான் 115-ஐக் காட்டி விளக்கினேன். அவர் முகம் சிறிது சிறிதாகச் சந்தன நிறமாகியது.

"அப்ப... சனி இல்லையா? நான் பாத்தேனே, ரெண்டாம் எடத்துல..."

"சனிய ஏன் இழுக்குறீங்க? அது பாட்டுக்கு வானத்துல இருக்கு. சாமிக்கு முன்னால தெரியட்டும்னு முன்னாடி வைப்பாங்க, உங்கள யாரு பின்னாடி போயி வைக்கச் சொன்னா?"

"கரண்டு உள்ள போற எடம் அதுதான. உயிரு அங்கதான இருக்கு," என்றார் பரிதாபமாக.

தையல்கார அங்கிள் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சரி லா பாப்பா. ரூம்பு... இருக்கட்டும். துணியக் கீழயே எங்கயாவது சொருவிக்கிறேன்," என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. படியிறங்கும்போதும் கேட்டது. "ஜோசியரே, கைராசின்னா இதுதான் கைராசி!"

மாமா அசடு வழிய நின்றார். அப்போதுதான் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த என் பெட்டி அவர் கண்ணில் பட்டது.

"இது செத்துடுச்சுன்னா, அது எதுல ஓடுது?"

"உங்களோடதுல."

"என்னா! சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க பொருத்தம் பாக்க வர்றாங்க! எப்படிப் பாப்பேன்?"

"உங்கப்பா எப்படிப் பாத்தாரு? கையால போடுங்க," என்றாள் அக்கா, தகர டப்பாவை அவர் கையில் வைத்தபடி. "ரோசாக் பண்ணவங்க வீட்டுல ரோசாக்கு இருக்கட்டும். நல்லது பிள்ளைங்களுக்கு. வேற வாங்கி வச்சுட்டுத் திருப்பி எடுத்துக்கங்க."

கையால் கட்டம் போட அவருக்கு மறந்துபோயிருந்தது. வந்தவர்களிடம் இந்த வாரம் கிரகங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பினாராம். அவர்களும் பயபக்தியோடு போனார்களாம்.

திங்கட்கிழமை பெரிய வாத்தியார் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் பேரைத் தட்டி அச்செடுப்பதைப் பார்த்தார். ஒருத்தி அவர் பேரையும் தட்டி நீட்டினாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாளே பள்ளியின் இரண்டு கம்ப்யூட்டரும் லாரியில் வந்து இறங்கின. கூடவே அவரும் வந்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் டீச்சர். ரெண்டும் ஓடாது."

"ஓடாதா?"

"ஓடுனா உங்களுக்கா குடுப்பேன்? ஓட வச்சீங்கன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா வெள்ளிக்கெழம ஜாசின்ல ஒரு பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க, அனுப்பிருவேன்."

அக்கா பேக்டரியிலிருந்து நேராக வந்தாள். இரண்டு பெட்டியின் மூடியையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சிவப்புச் சுவிட்ச் இரண்டிலும் 230. இது வேறு நோய். ஒன்றில் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொன்றில் எதுவுமே அசையவில்லை. ஓடுகிற என் பெட்டியைக் கழற்றி இதில் பலி கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. ஆக, சுற்றுகிற டப்பாவை எடுத்து அசையாத பெட்டியில் மாட்டிப் பார்ப்பது என்று முடிவு. உயிர் வந்தால் இரண்டு பிணத்திலிருந்து ஒரு ஆள் தேறும். சுற்றுகிற டப்பாவிலேயே கோளாறென்றால் அது தேறக்கூடியதையும் கொன்றுவிடும்.

"அதனால நிதானமா பண்ணணும்," என்றாள். "இப்ப எனக்குக் கண்ணு சொருவுது. நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்துர்றேன். அதுக்குள்ள நீ தொட்டே, கைய ஒடச்சுப்புடுவேன். கேட்டுச்சா?"

கேட்டது. மூன்று வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் மோட்டார் சைக்கிள் தெருமுனையைத் திரும்புவதற்குள் முதல் ஸ்க்ரூ என் உள்ளங்கையில் இருந்தது.